கப்பல்காரர் கேட்ட வெள்ளரிப் பச்சடி

கற்பூரவல்லி இலையை உள்ளங்கையில் வைத்துக் கசக்கும்போது வரும் காரமான வாசனை மற்றவர்களுக்குச் சளியையும் இருமலையும் நினைவூட்டும். எனக்கு மட்டும் அது, தோல் சீவிய வெள்ளரிக்காயின் குளிர்ச்சியோடும், பச்சையாக அரிந்த "பல்லாரி" வெங்காயம் கண்ணில் ஏற்றும் எரிச்சலோடும், உப்புத் தண்ணீரில் மூன்று நாள் ஊறிய ஆட்டுப்பால் கட்டியின் கரிப்போடும் சேர்ந்தே வருகிறது. இந்த நான்கும் ஒரே தட்டில் சேர்ந்ததை நான் முதன்முதலாகப் பார்த்தது, யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு கோடையில், தூத்துக்குடியில், கடற்கரையை ஒட்டிய எங்கள் வீட்டு அடுக்களையில். எனக்கு அப்போது பதினொரு வயது. கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் முதல் பாரம், அதாவது ஆறாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தேன். தெருவிலேயே இங்கிலீஷ் தெரிந்த பெண்பிள்ளை நான் ஒருத்திதான் என்பதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அப்பா மணப்பாட்டுக்காரர். தோணி ஒன்றுக்குத் "தண்டல்", அதாவது அதை ஓட்டுகிற தலைவர். அந்தக் காலத்தில் தூத்துக்குடிக்கு வருகிற பெரிய கப்பல்களுக்குக் கரைக்கு வரும் அளவு கடலில் ஆழம் கிடையாது. நாலைந்து மைல் தள்ளியே நங்கூரம் போட்டு நிற்கும். சாமான்களை ஏற்றவும் இறக்கவும், ஆட்களைக் கூட்டிவரவும் தோணிகள்தான் பாய் விரித்துப் போய்வர வேண்டும். அப்படிப் போன ஒரு நாள் மதியம், அப்பா வழக்கமான நேரத்துக்குத் திரும்பவில்லை. சாயங்காலம் வந்தபோது முகம் கறுத்துப் போயிருந்தது. கிரேக்க நாட்டுக் கப்பல் ஒன்றிலிருந்து ஒரு மாலுமி கயிற்றேணி வழியாக அப்பாவின் தோணிக்கு இறங்கியிருக்கிறார். கடைசிப் படியிலிருந்து காலை எடுத்துத் தோணியில் வைக்கப்போன நேரத்தில் ஓர் அலை தோணியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அடுத்த அலை அதே வேகத்தில் திரும்பக் கொண்டுவந்தபோது அந்த மனிதரின் கால் கப்பலுக்கும் தோணிக்கும் நடுவில் மாட்டி, முழங்காலுக்குக் கீழே முறிந்தது.

அதில் யாருடைய தப்பும் இல்லை என்று எல்லோரும் அப்பாவிடம் சொன்னார்கள். அப்பா மட்டும் அதை ஏற்கவில்லை. கப்பல் அந்த மாலுமியை விட்டுவிட்டுப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு மூன்று வாரம் வைத்திருந்தார்கள். இனி எலும்பு கூடுகிற வரை படுத்திருந்தால் போதும் என்று அவர்கள் சொன்ன அன்று, அப்பா ஒரு மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி அவரைக் கூட்டிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"என் தோணியில கால் வைக்கப் போயி விழுந்த ஆளு. நடந்து போற வரைக்கும் இங்கனதான் இருக்கணும்" என்றார் அம்மாவிடம். பர்மா அரிசி வரத்து நின்றுபோய் வீடுகளில் உலை அளந்து வைத்த காலம் அது. கைக்குழந்தையாக என் தம்பி வேறு இருந்தான். அம்மா வண்டியில் படுத்திருந்த ஆளை ஒரு முறை பார்த்தாள். "கட்டில எங்கன போடுதது? காத்து வார இடமாப் பாத்துப் போடுங்க" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

அவருக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. பெயரைக் கேட்டதற்கு "யானி" என்றார். அப்பாவின் காதில் அது "ஞானி" என்று விழுந்தது. தெரு முழுவதற்கும் அவர் ஞானி ஆகிவிட்டார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாக ஒத்துப்போனது. பள்ளிக்கூடத்து அட்லாஸை விரித்து அவர் ஊர் எதுவென்று கேட்டேன். நீலத்தில் பொடிப்பொடியாகச் சிதறிக்கிடந்த தீவுகளில் ஒன்றின் மேல் விரலை வைத்தார். விரலை எடுத்தபிறகு பார்த்தால் அது ஒரு புள்ளி. அங்கே ஓர் அம்மாவும் இரண்டு தங்கைகளும் ஒரு தம்பியும் இருப்பதாகக் கைவிரல்களை மடக்கிக் காட்டினார்.

முதல் இரண்டு வாரம் அம்மா வைத்ததைச் சாப்பிட்டார். மீன்குழம்பின் காரத்துக்குக் கண்ணில் தண்ணீர் வரும், துடைத்துக்கொண்டு சாப்பிடுவார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறொரு கப்பலில் வந்த அவர் நாட்டுக்காரர் ஒருவர் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இருவரும் தங்கள் பாஷையில் வெகுநேரம் பேசினார்கள். வந்தவர் போன பிறகு ஞானி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் போய் நின்றேன். "மை ஐலண்ட், நோ ஃபுட்" என்றார். ஜெர்மன் படை அவர் நாட்டைப் பிடித்துவிட்டதென்பது எங்களுக்கு முன்பே தெரியும். இப்போது அங்கே பஞ்சமென்றும், தெருவில் மனிதர்கள் விழுந்து சாகிறார்களென்றும், அவர் வீட்டைப் பற்றித் தகவலே இல்லையென்றும் துண்டு துண்டாகச் சொன்னதை நான் ஒட்டவைத்து அம்மாவிடம் சொன்னேன்.

அன்றிலிருந்து அவர் சாப்பிடவில்லை. கஞ்சியைக் கொண்டுபோனால் இரண்டு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிடுவார். மறுநாள் அந்த இரண்டு வாயும் இல்லை. தண்ணீர் மட்டும். மூன்றாம் நாள் கன்னம் குழிந்துபோனது. அப்பா கடலுக்குப் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்து ஆத்தூர் வெற்றிலையாக மென்று துப்பிக்கொண்டிருந்தார். அம்மா அடுக்களையிலிருந்து வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏளா பிலோமி, உனக்குத்தான் அவன் பாஷை தெரியும்லா. அவுக வீட்டுல கோடைக்கு என்ன திம்பாவன்னு கேளு. கல்லச் சொன்னாலும் கொண்டாந்து வேக வச்சிரலாம்."

நான் என் சிலேட்டை எடுத்துக்கொண்டு போனேன். "சம்மர். யுவர் ஹவுஸ். வாட் ஈட்?" என்றேன். சிலேட்டை அவர் நெஞ்சின்மேல் வைத்து, குச்சியைக் கையில் திணித்துவிட்டு நின்றேன். வெகுநேரத்துக்குப் பிறகு அவர் கை அசைந்தது. நீளமாக ஒன்று வரைந்தார்: வெள்ளரிக்காய். உருண்டையாகக் காம்போடு ஒன்று: தக்காளி. வளையம் வளையமாக ஒன்று: வெங்காயம். கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலே, செங்கல் மாதிரி ஒரு கட்டி. அதற்கு என்ன பெயரென்று அவர் சொன்னது எனக்குப் பிடிபடவில்லை. "ஒயிட்" என்றார். தேங்காயா, சுண்ணாம்பா, உப்பா என்று யோசித்தேன். அவர் இரண்டு விரலைத் தலையில் கொம்பு மாதிரி வைத்து மெல்லக் கத்திக் காட்டியதும்தான் விளங்கியது.

"ஆட்டுப்பால்லயா கட்டி?" என்றாள் அம்மா. "சரி, கட்டிருவோம்."

ஏரலிலிருந்து வண்டியில் காய்கறி இறக்கி விற்கிற கடைக்கார அண்ணாச்சி எங்களுக்குப் பக்கத்து வீடு. வெள்ளரிப்பிஞ்சும் பல்லாரியும் அவர் கடையிலேயே கிடைத்தன. "சீமைத் தக்காளி" மட்டும் மறுநாள் வந்தது. பச்சையாக அரிந்து வைப்பதா என்று அம்மாவுக்கு உள்ளூர ஒரு யோசனை இருந்தது. காய்ச்சலும் பேதியும் வருகிற கோடையில் பச்சைக்காய் தின்னக்கூடாதென்று எல்லோரும் சொல்லும் காலம். ஒவ்வொரு காயையும் கொதித்து ஆறிய தண்ணீரில் மூன்று முறை கழுவித் துணியில் துடைத்து வைத்தாள்.

கட்டிதான் சிரமப்படுத்தியது. முதல் நாள் அம்மா, தம்பிக்காக நாங்கள் வளர்த்த ஆட்டின் பாலைத் தயிராக உறைய வைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு, வடிந்ததைக் கொண்டுபோய்க் காட்டினாள். ஞானி விரலால் தொட்டுப் பார்த்து இல்லையென்று தலையை ஆட்டினார், மனம் நோகாதபடி. மறுநாள் பாலைக் கொதிக்கவைத்து எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து திரிய விட்டாள். அந்த நேரம் பார்த்து அண்ணாச்சியின் வீட்டுக்காரி, நான் அத்தை என்று கூப்பிடுகிற பேச்சியம்மாள், கொல்லைப்புறமாக வந்துவிட்டாள்.

"என்ன மதினி, கைப்பிள்ள இருக்கிற வீட்டுல நல்ல பாலத் திரிய விடுதிய? ஆடு மடி வத்திப் போயிரும்" என்றாள். அவள் முகத்தில் நிஜமாகவே பயம் இருந்தது.

"நாலு நாளா ஒருத்தன் பட்டினி கிடக்கான். அத விடவா ஆட்டு மடி?" என்றாள் அம்மா, அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். அத்தை வந்த வழியே போய்விட்டாள். அவள் கோபித்துக்கொண்டாள் என்றே நினைத்தோம்.

திரிந்ததை வடிகட்டி நான் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு போனபோது, ஞானி அதில் ஒரு துணுக்கை நாக்கில் வைத்தார். புருவம் உயர்ந்தது. "யெஸ்" என்றார், உடனே "நோ" என்றார். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அழுத்திக் காட்டினார். எனக்கு விளங்காததைப் பார்த்து, கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வீட்டுக்கு வந்தபிறகு அவர் தானாக எழுந்தது அதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரியில் கொடுத்த கட்டையைக் கக்கத்தில் ஊன்றி, ஒற்றைக்காலில் தத்தித் தத்தி, நேரே அடுக்களைக்குள் போய்விட்டார்.

எங்கள் வீட்டு அடுக்களைக்குள் அப்பாவே நுழைந்து நான் பார்த்ததில்லை. அம்மா ஒரு நொடி திகைத்தாள். பிறகு மணைப்பலகையை அவர் பக்கம் தள்ளினாள். அவர் உட்கார்ந்து, வடிந்த கட்டியைத் துணியோடு முறுக்கி, அம்மியின் குழவியை உருட்டித் துணியின் மேல் ஏற்றி வைத்தார். தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. பிறகு உப்புப் பானையைக் கேட்டார். உப்புக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? வடக்கே பார்த்தாலும் தெற்கே பார்த்தாலும் உப்பளம். கொதித்து ஆறிய தண்ணீரில் முட்டை மிதக்கிற அளவுக்கு உப்பைக் கரைக்கச் செய்து, கட்டியை அதில் போட்டு மூன்று விரலைக் காட்டினார். மூன்று நாள் ஊற வேண்டும்.

ஆனால் கட்டி பெரியவர்கள் உள்ளங்கையில் பாதிகூட இல்லை. தம்பிக்குக் கொடுக்க வேண்டிய பாலில் அதற்கு மேல் எடுக்க அம்மாவுக்கு மனமில்லை. மறுநாள் விடியற்காலையில் கொல்லைக் கதவு தட்டப்பட்டது. அத்தை நின்றாள். இடுப்பில் ஒரு பெரிய செம்பு, மேலே வாழை இலையால் மூடி.

"எங்க ரெண்டு ஆட்டுப்பாலும் இதுல இருக்கு. வச்சி என்ன செய்யுதியன்னு எனக்குத் தெரிய வேண்டாம்" என்று சொல்லிச் செம்பை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். மூன்று நாளும் அப்படியே வந்தது. அந்த மூன்று நாளும் ஞானி, கட்டியை அழுத்தும் வேலைக்காக மட்டும் எழுந்து வந்தார். வேலை முடிந்ததும் அம்மா நீட்டுகிற கஞ்சியில் ஒரு வாய், அதற்கு மேல் இல்லை. உடம்பில் சட்டை தனியாக ஆடியது.

நாலாம் நாள் மதியம், அடுக்களைத் தரையில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்தோம். அவரே அரிந்தார். எங்களைப் போலப் பொடியாக அரியாமல், வெள்ளரியையும் தக்காளியையும் கட்டை விரல் அளவுக்குப் பெரிது பெரிதாக நறுக்கினார். வெங்காயத்தை வளையமாக அரிந்து கையால் பிரித்துவிட்டார். அவர் ஊர் எண்ணெய்க்கு நாங்கள் எங்கே போவது? நல்லெண்ணெயை ஒரு சொட்டு நக்கிப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு சரி என்று தலையசைத்து ஊற்றினார். இன்னும் ஏதோ ஓர் இலை வேண்டுமென்று விரல்களைத் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார். நான் கொல்லைக்கு ஓடிப் புதினா, துளசி, கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றாகப் பறித்துவந்து நீட்டினேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். கடைசியாகக் கற்பூரவல்லியைக் கொடுத்தேன். மோந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். இலையைப் பொடியாகக் கிள்ளித் தூவி, மேலே வெள்ளைக் கட்டியை வைத்து, விரலால் உடைத்துவிட்டார். சிவப்பும் பச்சையும் வெள்ளையுமாக அந்தத் தட்டு, எங்கள் மண்சட்டிகளுக்கு நடுவில், கோயில் திருவிழாவுக்கு ஜோடித்தது போல இருந்தது.

அப்பாவுக்கு, அம்மாவுக்கு, எனக்கு என்று பரிமாறினார். கொல்லைப்புறத்தில் தற்செயலாக நிற்பதுபோல நின்ற அத்தைக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார். தனக்கும் ஒரு தட்டில் வைத்துக்கொண்டார். பிறகு கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு தட்டையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். நாங்கள் யாரும் தொடவில்லை. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கித் தாடியில் மறைந்தது. அந்தத் தட்டில் கை வைப்பது அவரால் ஆகாத காரியம் என்று எனக்கே தெரிந்தது. அங்கே தாயும் பிள்ளைகளும் பட்டினி கிடக்கும்போது, அவர்கள் வீட்டுச் சாப்பாட்டையே இங்கே உட்கார்ந்து எப்படித் தின்பார்?

அம்மா தட்டைக் கையில் எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். "ஏளா, அவன்கிட்டச் சொல்லு. அம்மா சொல்லுதா, நீ சாப்பிடணும்னு."

எனக்கு அப்போது இங்கிலீஷில் தீராத குழப்பம் ஒன்றிருந்தது. 'மை'யும் 'யுவரு'ம் எனக்கு இடம் மாறிக்கொண்டே இருக்கும். அது குழப்பமென்றுகூடத் தெரியாத அளவுக்கு என் இங்கிலீஷின் மேல் எனக்கு நம்பிக்கை. நிமிர்ந்து உட்கார்ந்து, தெளிவாக, சத்தமாகச் சொன்னேன்: "யுவர் மதர் சே, யூ ஈட்."

அவர் தலையைத் தூக்கினார். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "மை மதர்?" என்றார்.

"யெஸ்" என்றேன், ஆசிரியைபோல. "யுவர் மதர்."

"என்னளா கேக்கான்?" என்றாள் அம்மா.

"நீ சொன்னதுதானான்னு கேக்காரு."

"ஆமான்னு சொல்லு."

"யெஸ், யெஸ்" என்றேன் மறுபடியும். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவின் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்து, நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் சிலுவை வரைந்துகொண்டு, ஒரு துண்டு வெள்ளரியையும் ஒரு துண்டு கட்டியையும் சேர்த்து எடுத்து வாயில் போட்டார். மெதுவாக மென்றார். அடுத்ததை எடுத்தார். அப்பா "ம்" என்று ஒரு சத்தம் மட்டும் போட்டுவிட்டுத் தன் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். தட்டில் மிஞ்சிய சாற்றை ஞானி விரலால் வழித்துத் தின்று முடித்தபோது, அத்தை கிண்ணத்தைக் காலிசெய்து கழுவியே வைத்துவிட்டாள். "புளிப்பும் கரிப்புமா நல்லாத்தான் இருக்கு" என்றாள் யாரையும் பார்க்காமல்.

மறுநாள் காலையில் அவரே கஞ்சி கேட்டார். ஒரு வாரத்தில் மீன்குழம்புக்கு வந்துவிட்டார்.

அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் 'மை மதர்' என்று ஐந்து வரி எழுதச் சொன்னார்கள். நான் முதல் வரியில் 'யுவர் மதர்' என்று எழுதியதைச் சிஸ்டர் சிவப்பு மையால் அடித்துத் திருத்தியபோதுதான், அன்று மதியம் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்பது உறைத்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி அழுதேன். "போயி மாத்திச் சொல்லிறவாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா தம்பிக்குப் பாலாடையால் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். அவன் குடித்து முடித்ததும் முந்தானையால் அவன் வாயைத் துடைத்துவிட்டாள்.

"வேண்டாம்" என்றாள். "அவளும் அதத்தான் சொல்லியிருப்பா."

மழைக்காலம் தொடங்குமுன் ஞானி கம்பு ஊன்றி நடந்துபோய் அப்பாவின் தோணியிலேயே கப்பல் ஏறினார். அப்பா இந்த முறை தோணியைக் கயிற்றால் கப்பலோடு இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் அவரைப் படியேற விட்டாராம். யுத்தம் முடிந்து இரண்டு வருஷம் கழித்து, யாரோ இங்கிலீஷில் எழுதிக்கொடுத்த கடிதம் ஒன்று வந்தது. தாயும் தங்கைகளும் உயிரோடு இருந்தார்கள், தம்பி இல்லை. கோயிலில் வேண்டிக்கொள்வதற்காக எங்கள் அம்மாவின் பெயரைத் தன் தாய் கேட்பதாக எழுதியிருந்தார். பதிலை நான்தான் எழுதினேன். "மை மதர்ஸ் நேம் இஸ் ரோசம்மாள்" என்ற அந்த ஒரு வரியை ஐந்து முறை படித்துப் பார்த்த பிறகே உறையை ஒட்டினேன். அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை. அம்மா மட்டும், தன் கடைசிக்காலம் வரை, ஒவ்வொரு கோடையிலும் ஒரு தடவையாவது அந்தப் பச்சடியைச் செய்தாள். அத்தை வீட்டிலிருந்து செம்பு வந்துவிடும்.

இப்போது கப்பல்கள் புதுத் துறைமுகத்தின் மேடையோரமே வந்து நிற்கின்றன. கயிற்றேணியிலிருந்து தோணிக்குத் தாவ வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. கால் முறிவதும் இல்லை. நல்லதுதான். கப்பலில் வருகிறவர்கள் சாமான் இறங்கியதும் அப்படியே போய்விடுகிறார்கள். எங்கள் தெருவுக்குள் யாரும் வருவதில்லை. நாங்கள் இருந்த வீட்டை இடித்துச் சரக்குக் கிட்டங்கி கட்டிவிட்டார்கள். அம்மாவும் அத்தையும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்தார்கள்.

போன கோடையில் சென்னையிலிருந்து வந்த என் மகள், கிரேக்க நாட்டுக் கட்டியையே ஒரு டப்பாவில் வாங்கி வந்திருந்தாள். வெள்ளரியும் தக்காளியும் நறுக்கிச் செய்து சாப்பிட்டோம். அது ஞானியின் சொந்த ஊர்ச் சரக்கு. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டையும் தின்று பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அம்மா செய்ததுதான் மேல். எலுமிச்சையின் புளிப்பும் எங்கள் உப்பளத்து உப்பின் லேசான கைப்பும் அதில் இருந்தன. "அப்படின்னா செஞ்சு காட்டுங்களேன்" என்றாள் மகள். செய்வதற்கு என்ன? எனக்குக் கைப்பக்குவம் இருக்கிறது. உப்பு இருக்கிறது, எலுமிச்சம்பழம் இருக்கிறது, கற்பூரவல்லி மாடியில் தொட்டியில் நிற்கிறது. எங்கள் தெருவில் ஆடுதான் இல்லை.